வாங்காத கடன்

எம்.ஏ. படித்த வருஷங்களைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அசதிதான். தூங்கி எழுந்தால் போய்விடுகிற அசதி இல்லை அது. நான் எழும்போது கூடவே எழுந்து, ரயிலில் கூடவே வந்து, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கு மேற்கே இருக்கிறது. மழையை நம்பிய காடு. அப்பா கிணறு வெட்டக் கடன் வாங்கினார். கிணற்றில் பாறை வந்தது, தண்ணீர் வரவில்லை. வட்டி மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது. நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் பாதி நிலம் கைமாறிவிட்டது. கடன் கொடுத்தவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்தால் மரியாதையாகத்தான் பேசுவார். அவர் வருகிற நாளில் அப்பா கொல்லைப் பக்கம் போய் வைக்கோல்போருக்குப் பின்னால் நின்றுகொள்வார். அம்மா வாசலுக்கு வந்து, அவர் வெளியூர் போயிருக்கிறார் என்பாள். வந்தவருக்கும் அது பொய் என்று தெரியும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொள்வார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

உதவித்தொகையில் பி.ஏ. முடித்தேன். கணக்கில் நல்ல மார்க். மேலே படித்தால் பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்வதாகத் திருச்சியில் நான் படித்த கல்லூரியிலேயே சொன்னார்கள். ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "படி, வேணாங்கல. ஆனா எவங்கிட்டயும் கைநீட்டிடாத. அந்த ஒண்ண மட்டும் எனக்காகப் பாத்துக்க" என்றார்.

திருச்சியில் ஹாஸ்டல் செலவு எனக்குக் கட்டாது. அரியலூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு கடலை மண்டியின் பின்பக்கம், வாடகை பேருக்கு வாங்கிக்கொண்டு ஓர் அறை கொடுத்தார்கள். பாதி அறையில் கடலை மூட்டைகள், மீதிப் பாதியில் நான். மாணவர்களுக்கான சீசன் டிக்கெட்டில் தினமும் திருச்சிக்குப் போய் வந்தேன். யுத்த காலம். ரயில் எப்போது வரும், வந்தால் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டாளத்துக்காரர்களின் வண்டிக்கு வழிவிட்டு எங்கள் வண்டி வெயிலில் நிற்கும். உட்கார இடம் கிடைத்தது அபூர்வம்.

அப்போது என் வகுப்பில் ஒருவன் இருந்தான். எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்து லப்பைக்குடிக்காட்டுக்காரன். பி.ஏ.வும் என்னோடுதான் படித்தான். அவனுடைய அப்பாவுக்கு, அவன் அத்தா என்பான், பினாங்கில் கடை. மாதம் தவறாமல் பணம் வரும். ஹாஸ்டலில் தனி அறை, நல்ல சட்டைகள், இரண்டு பேனா. காப்பிக் கடைக்குப் போனால் கூட வருகிற எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுப்பான். அதனாலேயே நான் அவனோடு போவதில்லை. ஒருநாள் குடித்தால் இன்னொரு நாள் வாங்கிக் கொடுக்க வேண்டும். என்னால் முடியாது.

மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. பிறகு சிங்கப்பூரும் விழுந்தது. அவனுக்கு வந்துகொண்டிருந்த பணம் அந்த மாதத்தோடு நின்றது. கடிதமும் நின்றது. அவன் ஊரில் வீட்டுக்கு வீடு ஓர் ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். ஊர் முழுக்கத் தபால்காரரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். வகுப்பில் எப்போதும்போல இருந்தான். காப்பிக் கடைக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டான். ஒருநாள் சாயங்காலம் ரயிலுக்காக நான் திருச்சி ஸ்டேஷனில் நின்றிருந்தபோது என்னைத் தேடிக்கொண்டு வந்தான்.

"உன் ரூமுல இன்னொரு ஆளு படுக்க எடம் இருக்குமா?"

இருக்கும், ஆனால் எலி உண்டு என்றேன். மறுநாளே ஒரு டிரங்குப் பெட்டியும் படுக்கையுமாக வந்துவிட்டான்.

அவனுக்கு எதுவும் தெரியவில்லை. சட்டையைத் துவைத்தால் வெயிலில் நேராக உதறிப்போட வேண்டும், அப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும் என்பது தெரியவில்லை. மழுங்கின பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்பக்கத்தில் தேய்த்தால் இன்னும் சில வாரம் சவரம் செய்யலாம் என்பது தெரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து வந்த கம்பு மாவில் நான் கிண்டிய கூழை முதல்நாள் வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் வெகுநேரம் இருந்தான். பிறகு விழுங்கினான். அது பிடிக்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிடித்தது என்றும் சொன்னதில்லை.

காகிதம் அப்போது கிடைக்காது, கிடைத்தாலும் விலை. கணக்குப் போடாமல் கணக்கு படிக்க முடியாது. அரியலூர் மண்ணில் எங்கே குனிந்தாலும் சுண்ணாம்புக்கல் கிடைக்கும். அதில் மிருதுவான கட்டியாகப் பொறுக்கி வந்து அறையின் தரையிலேயே போட்டுப் பார்ப்போம். ஒரு கணக்கு முடியும்போது இரண்டு பேரும் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நிற்போம், தரை முழுக்க எழுத்து. சரியாக வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்தது. மூட்டை எடுக்க வருகிறவர்கள் கோலத்தை மிதிக்காமல் நடக்கிற மாதிரி ஓரமாகவே நடப்பார்கள்.

மத்தியானம் சாப்பாடு கிடையாது. கல்லூரியில் மணி அடித்ததும் நாங்கள் லைப்ரரிக்குப் போய்விடுவோம். ஹாஸ்டல் சமையலறை வாசனை அங்கே வராது. இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்போம். ஒருவன் வயிறு சத்தம் போட்டால் மற்றவன் பக்கத்தைத் திருப்புவான். மண்ணெண்ணெய் ரேஷனாகிவிட்டதால் இருட்டியதும் படுத்துவிடுவோம். படுத்தாலும் தூக்கம் வராது. அரைவயிற்றுக்காரனுக்குத் தூக்கம் எழுந்திருக்க வேண்டிய நேரத்தில்தான் வரும்.

இப்படியே ஒரு கோடை போயிற்று.

பெரம்பலூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் கடலை வாங்க எங்கள் மண்டிக்கு வருவார். அவனுடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பெரிய கை. மண்டிக்காரர் சொல்லித்தான் அவன் பின்பக்க அறையில் இருப்பது அவருக்குத் தெரிந்தது. வந்து வாசலில் நின்று மூட்டைகளையும், தரையில் இருந்த எழுத்தையும், அடுப்பையும் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. சட்டைக்குள் கைவிட்டுப் பணத்தை எடுத்து டிரங்குப் பெட்டியின்மேல் வைத்தார்.

"ஏன் தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வச்சுக்க. அத்தா வந்ததும் நான் அவர்கிட்ட வாங்கிக்கிறேன்."

அவன் அந்தப் பணத்தைத் தொடவில்லை. "வேணாம் மாமா. இருக்கறத வச்சுப் பாத்துக்கறேன்" என்றான்.

"இனாமா குடுக்கல. கடனாத்தான் குடுக்கறேன். உங்க அத்தா பேருக்கு எவ்வளவு வேணும்னாலும் நான் குடுப்பேன்."

"அதான் மாமா வேணாங்கறேன்."

அவர் இன்னும் கொஞ்சநேரம் சொல்லிப் பார்த்துவிட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு வருத்தத்தோடு போனார். அவர் ஒருவர் மட்டுமல்ல. ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு மூன்று பேர் அவனை நிறுத்திக் கேட்பார்களாம். எனக்குப் புரியவில்லை. எனக்குக் கடன் கொடுக்க ஊரில் ஆள் இல்லை, நான் வாங்காமல் இருப்பதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. இவனுக்கு வலிய வந்து கொடுக்கிறார்கள். வாங்கி நாலு நாள் வயிறாரச் சாப்பிட்டால் என்ன? இதை நான் அவனிடம் கேட்கவும் செய்தேன். அவன் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தான்.

பல நாள் கழித்து, ரயில் கொள்ளிடம் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்று வெளியே மணலைப் பார்த்துக்கொண்டே தானாகச் சொன்னான்.

"அத்தா வந்து கட்டுவாருன்னு சொல்லித்தான அவங்க தராங்க. வாங்கினா, அவரு வருவாருன்னு நான் கையெழுத்துப் போட்ட மாதிரி. வரலேன்னா? மவுத்தாப் போன மனுஷன் பேர்ல கடன் நிக்கக் கூடாது. அவரு எப்பிடி இருக்காருன்னே தெரியல, அவர் தலையில எதக் கொண்டு ஏத்தறது?"

அவன் அத்தா இறந்துபோயிருக்கலாம் என்று அவன் வாயால் கேட்டது அதுதான் முதல்தடவை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மழையில் நனைந்ததால் என்று நினைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காலி சாக்குகளை எல்லாம் எடுத்து அவன் என்மேல் போட்டான். குளிர் விட்டதும் உடம்பு கொதிக்கும், பிறகு வேர்த்துக் கொட்டும், பிறகு இரண்டாம் நாள் கை கால் ஓய்ந்து கிடப்பேன். முறைக்காய்ச்சல், மலேரியா. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். கொயினா கொடுத்தால் நிற்கும், ஆனால் கொயினா இல்லை என்றார். அது வருகிற தேசமும் ஜப்பான்காரன் கையில் இருந்தது. வெளியே வாங்க முடிந்தால் வாங்கிக் கொடு என்று அவனிடம் தணிந்த குரலில் சொன்னாராம். வெளியே விற்கிற விலை எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கக்கூடக் கூசுகிற விலை.

எங்கள் ஊருக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அப்பாவுக்குத் தெரிந்தால் மீதி நிலத்தையும் கொண்டுபோய் அடகு வைத்துவிடுவார். அது எனக்குக் காய்ச்சலைவிடப் பெரிய பயம்.

அடுத்த குளிர் வந்துபோன மறுநாள் காலையில் அவன் காணாமல் போனான். தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் தலைமாட்டில் இருந்தன. அடுத்த நாள் சாயங்காலம் வந்தான். அடுப்புக்கரியில் ஓடுகிற யுத்தகால பஸ் வழியில் நின்றுபோய் பாதிதூரம் நடந்து வந்திருந்தான். கையில் கொயினா மாத்திரை, சர்க்கரை, ரொட்டி. எப்படிக் கிடைத்தது என்று கேட்க எனக்கு அப்போது தெம்பில்லை. மாத்திரையின் கசப்பு நாக்கை விட்டுப் போகவே இல்லை. காதுக்குள் வண்டு பறக்கிற சத்தம் ஓயாமல் கேட்டது. காய்ச்சல் நின்றது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்த பிறகு கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"கடன்தான். மாமாகிட்ட வாங்கினேன். அத்தா பேர்ல இல்ல, எம் பேர்ல. கடைக்குக் கணக்கு எழுதறவரு பட்டாளத்துக்குப் போயிட்டாராம். வந்து எழுதிக் கழிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. படிப்பை விட்டுவிட்டுப் போகப்போகிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். எனக்காக வாங்கின கடன் என் கடன் என்றேன். நான் வாங்கினேன், என் கடன் என்றான். உன்னை யார் வாங்கச் சொன்னது என்றேன். "நீ நடுங்கிக்கிட்டுக் கெடந்ததப் பாத்துக்கிட்டு நான் சும்மா உக்காந்திருக்கணுமா?" என்றான். இரண்டு பேரும் இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பசியை எல்லாம் அன்றைக்குப் பேச்சில் தீர்த்துக்கொண்டோம். கத்தக்கூடத் தெம்பில்லாத சண்டை. நடுவில் எனக்கு மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

கடைசியில், இரண்டு பேருமாகக் கடனைக் கட்டுவது என்று பெரம்பலூர் போனோம். எனக்கும் வருகை குறைந்துபோய் அந்த வருஷம் பரீட்சை எழுத வழியில்லாமல் போயிருந்தது. பெரம்பலூரில் ரேஷன் கார்டு எழுதத் தற்காலிகமாக ஆட்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பி.ஏ. என்றதும் உடனே உட்கார வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவேன். வருகிறவர்கள் எல்லோரும் இல்லாத ஓர் ஆளைச் சேர்த்துச் சொல்வார்கள். நான் அதையும் எழுதினேன். அவன் மளிகைக் கடையில் கணக்கு எழுதி, அங்கேயே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்தான். எங்களுக்கு மூட்டைகளை விட்டு விமோசனம் இல்லை என்று ஒருநாள் சொன்னான். அந்த வருஷத்தில் அவன் சிரிக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

சம்பளம் வாங்கினதும் பாதியை அவன் மாமாவின் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். முதல்தடவை அவர் வாங்க மறுத்தார். நான் கல்லாவின்மேல் வைத்துவிட்டு வந்தேன். இரண்டாவது மாதமும் அப்படியே. மூன்றாவது மாதம் பேசாமல் எடுத்துக்கொண்டார். வருஷம் முடிவதற்குள் கடன் தீர்ந்தது. தீர்ந்த அன்று எங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. ஹோட்டலில் போய் ஆளுக்கு ஒரு காப்பி சாப்பிட்டோம். முதன்முதலாக அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்த காப்பி.

நான் திரும்பவும் கல்லூரிக்குப் போனேன். அவன் வரவில்லை. கடைச் சம்பளத்தில்தான் இப்போது அவன் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அம்மா நகைகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டு வந்து, அதுவும் முடியும் இடத்துக்கு வந்திருந்தார்கள். இரண்டு தங்கைகள் வேறு. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நான் வந்துட்டா வூட்டுல அடுப்பு எரியாது. நீ போ. போய் ஒழுங்கா எழுதிட்டு வா" என்று சொல்லி அவனுடைய புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிட்டான்.

அதே அறை, அதே ரயில். தரையில் தனியாகக் கணக்குப் போட்டேன். தப்பு வந்தால் எந்த வரியில் வந்தது என்று சொல்ல ஆள் இல்லை. முன்பு பாதிப் பாதியாக இருந்த அசதி இப்போது முழுதாக எனக்கே வந்தது. நாளாக ஆக, படிக்கிறோம் என்ற எண்ணமே மறந்துபோய், ரயிலேறி இறங்குவதுதான் என் வேலை என்பதுபோல இருந்தது.

பரீட்சை மண்டபத்தில் வெள்ளைவெளேரென்று காகிதம் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. பழக்கதோஷம், பொடிப்பொடியாக ஓரம் விடாமல் எழுதினேன். இரண்டாம் வகுப்பில் தேறினேன். செய்தி தெரிந்த அன்று பெரம்பலூர் போய் அவனிடம் சொன்னேன். யாருக்கோ புளி நிறுத்துக்கொண்டிருந்தான். நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சநேரம் விடவில்லை. ஊருக்குப் போய்ச் சொன்னபோது அப்பா கேட்டுவிட்டுச் "சரி, சாப்பிடு" என்றார்.

பெரம்பலூரிலேயே வாத்தியார் வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்தது. மலேயாவிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. லப்பைக்குடிக்காட்டுக்குச் சிலர் திரும்பினார்கள், சிலரைப் பற்றிய செய்தி மட்டும் திரும்பியது. அவன் அத்தாவைப் பற்றி இரண்டும் வரவில்லை. நாங்கள் அவரைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம். அப்போதுதான் ஒருநாள் நாகப்பட்டினத்திலிருந்து தந்தி வந்தது, அவர் கப்பலில் வந்து இறங்கிவிட்டார் என்று.

அரியலூர் ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் போனோம். வண்டியிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றோம். துணிமூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு கிழவர் எங்களைத் தாண்டிப் போனார். கூட்டம் கலைந்தது. அந்தக் கிழவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். அவனும் பார்த்தான். பிறகு ஓடினான். அவர் கிழவர் இல்லை. என் அப்பாவைவிட வயதில் சின்னவர் என்று பின்னால் தெரிந்தது.

பஸ்ஸில் லப்பைக்குடிக்காடு போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். வீட்டில் அழுகை ஓய நேரமாயிற்று. சோறு போட்டார்கள். அவர் மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். கடை என்னவாயிற்று, அங்கே எப்படி இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது.

"எவ்வளவு கடன் இருக்கு?"

"ஒண்ணும் இல்லத்தா."

அவர் நம்பவில்லை. மனைவியைப் பார்த்தார். அவர்களும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். கடைசியில் வெளியாள் என்று என்னைப் பார்த்தார். ஒன்றும் இல்லைங்க, யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை என்று நானும் சொன்னேன். அவர் வெகுநேரம் மகனுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பச் சரி. நான் செத்த நேரம் படுக்கறேன்" என்றார்.

துணிமூட்டையையே தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். படுத்தவுடன் தூங்கிவிட்டார். மறுநாள் பொழுது ஏறுகிறவரை எழுந்திருக்கவில்லை என்று அவன் பிறகு சொன்னான். நான் இருந்தவரை அவன் அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்கு மறுநாள் பள்ளிக்கூடம். போயிட்டு வரேன் என்று அவனிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தேன்.